லாரியின் பின்சக்கரமும் காரின் ஆஃப்செட்டும்

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் சாலையோரம் நிற்கும் ஏதேனும் ஒரு பத்துச் சக்கர லாரியைச் சற்று நின்று பாருங்கள். முன்சக்கரத்தின் நடுப்பகுதி வெளியே புடைத்துக்கொண்டிருக்கும்; பின்னால் வெளிப்பக்கம் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியோ கிண்ணம்போல் ஆழமாக உள்ளே இறங்கியிருக்கும். இரண்டும் வெவ்வேறு வகை ரிம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பெரும்பாலான லாரிகளில் இரண்டும் ஒரே ரிம்தான். ஒன்றைத் திருப்பிப் போட்டு மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. கார்களுக்கு அலாய் வீல் மாற்ற நினைக்கும் நண்பர்கள் ஆஃப்செட் என்றால் என்ன என்று கேட்கும்போதெல்லாம் நான் முதலில் காட்டுவது இந்த லாரிச் சக்கரத்தைத்தான், ஏனெனில் அங்கே அந்த அளவு கண்ணுக்கு நேராகவே தெரிகிறது.

ஒரு ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோடு ஒன்றை மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நடுக்கோட்டுக்கும், ஹப்பின் (சக்கரம் மாட்டப்படும், அச்சு முனையில் சுழலும் பகுதி) மேல் ஒட்டி அமரும் தளத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் ஆஃப்செட். அமரும் தளம் நடுக்கோட்டுக்கு வெளிப்புறமாக இருந்தால் அது பாசிட்டிவ். வண்டியின் உட்புறமாக இருந்தால் நெகட்டிவ். நடுக்கோட்டிலேயே இருந்தால் பூஜ்யம். லாரி ரிம்மில் இந்தத் தூரம் 150 மில்லிமீட்டருக்கும் கூடுதலாகவே இருக்கும். பின் அச்சில் இரண்டு ரிம்களை முதுகோடு முதுகாகச் சேர்த்து மாட்டும்போது, உள்பக்கச் சக்கரம் பாசிட்டிவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் நெகட்டிவாகவும் நின்று, இரண்டு டயர்களின் நடுக்கோடுகளுக்கும் இடையே 300 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கிடைக்கிறது. பாரம் ஏறியதும் டயரின் பக்கச்சுவர் பிதுங்கும். அப்போதும் இரண்டு டயர்களும் ஒன்றையொன்று உரசாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். உரசினால் சூடு ஏறி, பக்கச்சுவர் தேய்ந்து, ஓடும்போதே டயர் வெடிக்கும். முன் அச்சில் அதே ரிம் பாசிட்டிவாக அமர்ந்து, ஹப்பையும் பிரேக் டிரம்மையும் தன் குழிக்குள் வாங்கிக்கொண்டு, டயரை கிங்பின்னுக்கு (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) அருகே கொண்டுவருகிறது. ஒரே ஒரு ஸ்டெப்னி எல்லா இடத்துக்கும் பொருந்துவதும் இதனால்தான்.

காருக்கு வந்தால் அளவு சிறியது, விதி ஒன்றே. முன்சக்கர இழுவை கொண்ட சிறிய கார்களில் ஆஃப்செட் பொதுவாக 35 முதல் 50 மி.மீ. வரை பாசிட்டிவாக இருக்கும். டொயோட்டா ஃபார்ச்சூனரின் 17 அங்குல ரிம்மில் அது 30. சுஸுகி ஜிம்னியின் 15 அங்குல ரிம்மில் வெறும் 5. ரிம்மின் உட்புறத்திலோ ஆரத்தின் (ஸ்போக்) பின்பக்கத்திலோ ‘இடி 45’ (ET 45) என்றோ ‘+45’ என்றோ அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். கூடக் கூட உள்ளே போகும்.

இங்கேதான் பலரும் கணக்கில் தவறுகிறார்கள், ஏனெனில் ரிம்மின் அகலத்தை மறந்துவிடுகிறார்கள். 6 ஜே (அதாவது 6 அங்குல) அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, 7 ஜே அகலமும் 35 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மை மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அங்குலம் அகலம் கூடுவதால் பக்கத்துக்கு 12.7 மி.மீ. கூடுகிறது. ஆஃப்செட் 10 குறைவதால் ரிம் முழுவதும் 10 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆகவே வெளிவிளிம்பு 22.7 மி.மீ. வெளியே வருகிறது, உள்விளிம்போ 2.7 மி.மீ. மட்டுமே ஷாக் அப்சார்பரை நோக்கி உள்ளே போகிறது. ஆஃப்செட்டை மாற்றாமல் 45-லேயே வைத்திருந்தால் இரண்டு பக்கமும் 12.7 என்று சமமாகப் பிரிந்திருக்கும், அப்போது வெளியே மட்கார்டு தப்பித்து உள்ளே ஷாக் அப்சார்பர் மாட்டிக்கொள்ளலாம். “பத்து மில்லிமீட்டர்தானே, ஒன்றும் ஆகாது” என்று கடையில் சொல்லும்போது, அந்தப் பத்தோடு சேர்ந்து வரும் அகலத்தையும் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டுவிட வேண்டும். ஒரு துண்டுத் தாளும் இரண்டு நிமிடமும் போதும். டயரின் வெளிவிட்டத்தையும் அதே தாளில் பார்த்துவிடலாம்: 185/65 ஆர் 15 (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்) டயரின் விட்டம் 621.5 மி.மீ., 195/55 ஆர் 16 டயரின் விட்டம் 620.9 மி.மீ. மாருதி பலேனோவின் வெவ்வேறு ரகங்களில் இந்த இரண்டு அளவுகளும் வருவதற்கு இந்தச் சமன்பாடே காரணம், வேகமானி ஏமாறுவதில்லை.

உரசாமல் இருந்தாலே பொருந்திவிட்டது என்று நினைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்த அச்சை நேராகக் கீழே நீட்டினால் அது தரையில் ஓர் இடத்தைத் தொடும். டயர் தரையைத் தொடும் பரப்பின் நடுப்புள்ளி வேறோர் இடத்தில் இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள குறுக்குத் தூரத்தை ஸ்க்ரப் ரேடியஸ் என்பார்கள். நாம் ஆஃப்செட்டை எத்தனை மில்லிமீட்டர் மாற்றுகிறோமோ, ஏறத்தாழ அத்தனை மில்லிமீட்டர் இதுவும் மாறுகிறது. வடிவமைப்பாளர்கள் இதைத் தற்செயலாக விடுவதில்லை. 1972-இல் வந்த ஆடி 80 காரில் இந்தத் தூரத்தை வேண்டுமென்றே நெகட்டிவாக, அதாவது டயரின் நடுப்புள்ளி அச்சுக்கு உட்புறம் விழும்படி அமைத்தார்கள். ஒரு பக்கச் சக்கரம் ஈரத்திலும் மறுபக்கச் சக்கரம் காய்ந்த தரையிலும் ஓடும்போது பிரேக் பிடித்தால், வண்டி ஒரு பக்கம் இழுப்பதை ஸ்டீயரிங் தானே எதிர்த்துத் திருத்திக்கொள்ளும். அப்படி ஐந்து, பத்து மில்லிமீட்டர் கணக்கில் செதுக்கிய ஒன்றை, 25 மி.மீ. வெளியே தள்ளும் ரிம் ஒரே நாளில் தலைகீழாக்கிவிடுகிறது. அதன் பிறகு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் கையை உதறும். சாலையின் தடங்களைப் பின்பற்றி வண்டி அலையும். பிரேக்கில் ஒரு பக்கம் இழுக்கும். அலைன்மென்ட் செய்தால் சரியாகிவிடும் என்று திரும்பத் திரும்பப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. அலைன்மென்ட் இயந்திரம் டோ, கேம்பர், காஸ்டர் போன்ற சக்கரச் சாய்வுக் கோணங்களைத்தான் பார்க்கிறது, இதை அது தொடுவதே இல்லை.

வீல் பேரிங்கின் நிலையும் இதுவே. தொழிற்சாலை ரிம்மில் பாரத்தின் கோடு பேரிங்கின் இரண்டு வரிசைகளுக்கும் இடையே விழுமாறு அமைந்திருக்கும். ஒரு முன்சக்கரத்தின் மேல் 400 கிலோ பாரம் இருக்கிறது என்றால், அதை 25 மி.மீ. வெளியே நகர்த்துவதால் மட்டும் கூடுதலாக ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் வளைவிசை பேரிங்கின் மேல் விழுகிறது. அது ஒரு சக்கர நட்டை இறுக்குவதற்குத் தேவையான விசை அளவு. வண்டி நேராக ஓடும்போதும் விடாமல் இருக்கும், குழியில் விழும்போது பல மடங்காகும். நல்ல ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே ஸ்பேசர் என்னும் தடித்த தட்டைப் போடுவதும் கணக்கில் இதேதான்: 45 ஆஃப்செட் ரிம்முக்குப் பின்னால் 20 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் அது 25 ஆஃப்செட் ரிம். கூடுதலாக, ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி) நட் ஏறும் புரிகளும் குறைகின்றன.

ஜிம்னி போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்கள் இதற்கு எதிராக ஒரு நியாயம் சொல்வார்கள், அது உண்மையான நியாயமும்கூட. 195 அகல டயரை எடுத்துவிட்டு 235 போட்டால், பக்கத்துக்கு 20 மி.மீ. பெருக்கிறது; ஆஃப்செட்டை மாற்றாவிட்டால், முழுவதும் திருப்பும்போது டயர் முன்பக்க ரேடியஸ் ஆர்மில் (அச்சைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் நீளக் கை) உரசும். தவிர, 235/75 ஆர் 15 டயருக்குக் குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும், கம்பெனி ரிம்மோ 5.5 அங்குலம். ஆகவே 6 ஜே அகலத்தில் நெகட்டிவ் 5 ஆஃப்செட் கொண்ட ரிம்மை எடுப்பது தேவையால் வரும் மாற்றம். உள்பக்கம் 20-க்குப் பதில் 10 மி.மீ. மட்டுமே டயர் நெருங்கும். அதே வண்டிக்கு நெகட்டிவ் 25, 30 என்று தேடி, டயர் முழுவதையும் மட்கார்டுக்கு வெளியே நிறுத்துவதற்கு அந்த நியாயம் செல்லாது. சேறும் கல்லும் கதவிலும் பின்னால் வருகிறவர் மேலும் தெறிப்பது ஒருபுறமிருக்க, மேலே சொன்ன எல்லாச் சுமையையும் வண்டி சுமக்க வேண்டியிருக்கும்.

ஆஃப்செட் சரியாக இருந்தாலும் ரிம் பொருந்தாமல் போகும் இடங்கள் வேறு உண்டு. ஸ்விஃப்டுக்கும் ஹோண்டா சிட்டிக்கும் நான்கு ஸ்டட், அவை அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ.; ஃபியட் புன்டோவுக்கு அது 98. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் நட் ஏறிவிடும், ஆனால் ஸ்டட் வளைந்த நிலையிலேயே ஓடும். இதை ஒருபோதும் செய்யக்கூடாது. நடுத்துளையும் முக்கியம்: ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ., சிட்டியின் ஹப் 56.1 மி.மீ. சிட்டி ரிம் ஸ்விஃப்டில் நுழையும், ஆனால் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் ஆடும் என்பதால் நடுவில் வளையம் போட வேண்டும். ஸ்விஃப்ட் ரிம் சிட்டியில் நுழையவே நுழையாது. சுஸுகியின் நட் எம்12 (12 மி.மீ. விட்டம்), புரி இடைவெளி 1.25 மி.மீ., ஹோண்டாவுக்கு எம்12, 1.5. ஹோண்டாவின் நட் முனை உருண்டையாகவும், சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான அலாய் ரிம்களின் துளை கூம்பாகவும் இருக்கும். பழைய நட்டையே புது ரிம்முக்குப் போட்டால் அது ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே பிடித்து நிற்கும், ஓடஓடத் தளரும்.

ரிம்மில் எண் அழிந்திருந்தால் அளந்துகொள்ளலாம். ரிம்மின் முகப்பு கீழே இருக்கும்படி ஒரு துணியின் மேல் படுக்க வைத்து, பின்விளிம்பின் குறுக்கே நேரான பட்டை ஒன்றை வையுங்கள். டயர் மாட்டியிருந்தால் பட்டை டயரின் பிதுக்கத்தில் அமராமல் ரிம்மின் உதட்டில் அமர வேண்டும். பட்டையின் அடியிலிருந்து ஹப்பில் அமரும் தளம் வரை ஆழத்தை அளந்தால் 134 மி.மீ. வருகிறது என்று கொள்வோம். பிறகு ரிம்மின் முழு அகலத்தை உதட்டோடு சேர்த்து வெளியே அளக்க வேண்டும். 6 ஜே ரிம் என்றால் அது 178 மி.மீ. அளவில் இருக்கும், ஏனெனில் ஜே எண் உதடுகளைச் சேர்க்காத உள் அகலம். 178-இல் பாதி 89. 134-இலிருந்து 89 போனால் 45. அதுதான் ஆஃப்செட்.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு ரிம்மை மட்டும் டயரோடு முன்பக்கத்தில் மாட்டிப் பார்க்கச் சம்மதிக்கும் கடையிலேயே நான் வாங்கச் சொல்வேன். ஆரத்துக்கும் பிரேக் காலிப்பருக்கும் இடையே விரல் நுழைகிறதா என்பதை ஆஃப்செட் எண் மட்டும் சொல்லாது, ஆரத்தின் வளைவு சொல்லும். டயரின் தோள்பட்டையில் சுற்றிலும் சாக்பீஸ் தேய்த்துவிட்டு, ஐந்து பேரை ஏற்றி, இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பி, ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கினால், சாக்பீஸ் எங்கே அழிகிறதோ அங்கேதான் உரசுகிறது. பின்சக்கரத்தை மறந்துவிடக்கூடாது, டிக்கியில் சாமான் ஏற்றும் குடும்பங்களுக்கு உரசல் பெரும்பாலும் பின்னால்தான் வரும். எல்லாம் சரி என்று நான்கையும் மாட்டிய பிறகு, நட்டுகளை நட்சத்திர வரிசையில் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். சிட்டிக்கு அது 108 நியூட்டன் மீட்டர். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி விட்டுவிடுவது அலாய் ரிம்முக்கு ஆகாது. நூறு கிலோமீட்டர் ஓடியதும், சக்கரம் ஆறியிருக்கும்போது, அதே அளவுக்கு இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.