400-க்கு 2

2018 பிப்ரவரியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஓர் ஓட்டெடுப்பு. வளரும் நாடுகளின் பல பொருட்களை இறக்குமதி வரியில்லாமல் அனுமதிக்கும் ஜி.எஸ்.பி. சலுகையை நீட்டிக்க ஆதரவு 400, எதிர்ப்பு 2.

ராணிப்பேட்டையில் அக்கா தைக்கிற தோல் கைப்பைக்கு 2017-இல்தான் அந்தச் சலுகை கிடைத்தது. (ஆம்பூர் ஷூக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சலுகையில் இடமே இல்லை.)

அப்புறம் 2019 ஜூன் 5-இல் இந்தியாவைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதற்கு ஓட்டெடுப்பே தேவைப்படவில்லை, அதிபரின் ஓர் அறிவிப்பு போதும். 2020 டிசம்பர் 31-உடன் திட்டமே காலாவதி.

வரி சேர்ந்து ஆர்டர் குறைந்தால் முதலில் போவது அக்காவின் ஓவர்டைம் காசு. அதில்தான் பிள்ளையின் பள்ளிக் கட்டணம். திட்டத்தைப் புதுப்பித்து இந்தியாவை மறுபடி சேர்க்கச் சொல்லி டெல்லி விடாமல் கேட்க வேண்டும்.

நேற்று அக்காவிடம் அந்த 400 பேரைப் பற்றிச் சொன்னேன். "அவங்க மறுபடி எப்ப ஓட்டுப் போடுவாங்க?" என்று கேட்டாள்.