தாது வருசத்துப் பையன்: எங்க பூட்டனைத் தேடிப் போன கதை

எங்க அப்பாரோட அப்பா, அதாவது எங்க பூட்டன், பேரு ராயப்பன். வீட்ல எல்லாரும் ஒத்துக்கிட்ட விசயம் இவ்ளோதாங்க. அதுக்கு மேல கேட்டா ஆளுக்கொரு கதை. தாது வருசப் பஞ்சத்துல (1876-78) அப்பன் ஆத்தாளைப் பறிகொடுத்துட்டு தாராபுரத்துப் பக்கமிருந்து நடந்தே வந்த பையன், கத்தோலிக்கச் சாமியாருங்கதான் கஞ்சி ஊத்தி வளத்தாங்கன்னு பெரிய அத்தை சொல்லுவாங்க. சித்தப்பாவோ அதெல்லாம் கெடையாது, நாம கரூர்ப் பக்கத்து நெசவுக்காரங்க, ஏழு தலமுறையா வேதக்காரங்க, அதாவது கிறிஸ்தவங்கன்னு அடிச்சுப் பேசுவாரு. அத்தைக்கு இப்ப 88 வயசு. அவங்க இருக்கறப்பவே இதுல ஒண்ணு தெரிஞ்சாகணும்னு தோணுச்சு, எறங்கிட்டேன்.

மொதல்ல போனது சென்சஸ் பக்கம். லண்டன்ல இருக்கற எங்க ஒறம்பர ஒருத்தர் அவரு சம்சாரத்தோட முன்னோருங்களை 1881 சென்சஸ்லயே எடுத்துட்டாரு, வீதி, வீடு, பேரு, வயசு, தொழில் எல்லாம் வரிசையா இருக்குது. இங்கயும் அதே வருசம் பிப்ரவரி 17 ராத்திரி ஆள் எண்ணியிருக்காங்களே, எங்க பூட்டன் அதுல இல்லாமயா போயிருப்பாருன்னு ஒரு மாசம் அலைஞ்சேன். ஆனா நம்மூர்ல வீடு வீடா எழுதுன தாளையெல்லாம் கூட்டிக் கணக்குப் போட்டதும் கழிச்சுட்டாங்க, அட்டவணை மட்டுந்தான் மிச்சம். பொறவு வந்த 1948 சென்சஸ் சட்டத்தோட 15வது பிரிவு தனி ஆளோட விவரத்தை யாரும் பாக்கவே கூடாதுன்னு சொல்லிருச்சு. அதனால பழைய சென்சஸ்ல உங்க தாத்தா பேரை எடுத்துத் தர்றேன்னு யாராச்சும் காசு கேட்டா குடுத்துறாதீங்க.

ஆனா அந்த அட்டவணையைச் சும்மா தள்ளிறவும் முடியல. 1871லயும் 1881லயும் கோயமுத்தூர் ஜில்லாவுல (அப்ப கரூரும் கொள்ளேகாலமும் இதுலதான் சேத்தி) எத்தனை பேருன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஒரு லட்சத்துக்கு மேல கொறஞ்சிருக்குது. பத்து வருசத்துல பொறந்த கொழந்தைகளையும் சேத்து ஏறியிருக்க வேண்டிய கணக்கு எறங்கியிருக்குது. நடுவுல 1876ல இருந்து 78 வரைக்கும் பஞ்சம். அத்தை சொல்ற அந்த அப்பன் ஆத்தா உண்மைன்னா இந்தக் கொறஞ்ச கணக்குக்குள்ளதான் இருக்கோணும்னு நெனச்சப்ப அன்னைக்கு வேற எதுவும் படிக்க முடியல.

அடுத்து கோயில் (சர்ச்) பதிவேடு. எங்க ஊர்க் கோயில்ல ஞானஸ்நானப் புத்தகம் 1930களுக்கு மேலதான் இருக்குது, ஏன்னா அதுக்கு முன்னால எங்க ஊரு இன்னொரு பங்கோட (ஒரு பங்குச் சாமியாரு பாத்துக்கற வட்டாரம்) கிளைக்கிராமம். இப்ப எந்தக் கோயில்னு பாக்கறதை விட்டுட்டு அப்ப எந்தப் பங்குன்னு விசாரிங்க, இதுல நான் செலவு பண்ணுன நாளு உங்களுக்கு மிச்சமாகும். திருச்சபை நிர்வாகத்துல கோயமுத்தூரே பாண்டிச்சேரிக்குக் கீழ இருந்ததுதான், 1850ல தனியாகி, 1886லதான் மறைமாவட்டம் (ஆயருக்குக் கீழ வர்ற பெரிய பகுதி) ஆச்சு. அதுக்கும் முன்னாலயே மொத ஆயரா வந்த பிரெசியாக் ஆண்டவர் கருமத்தம்பட்டியிலதான் தங்கியிருந்தாரு. இப்ப சின்னதாத் தெரியற ஊரு அப்பப் பெரிய தலமைப் பங்கா இருந்திருக்கலாம்.

எங்க சாமியார்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டுத் தாய்ப்பங்குக்கு ஒரு வியாழக்கெழம போனேன். ஞாயித்துக்கெழம போனா யாருக்கும் நேரம் இருக்காது. போட்டோ எடுக்க வேண்டாம், வேணும்ங்கறதைப் பென்சில்ல எழுதிக்கங்கன்னு சொல்லிட்டாங்க, அது நியாயந்தான். தாளு தொட்டா ஓரம் உதிருது, மை பழுப்பாயிருச்சு, பூச்சி அரிச்ச ஒரே ஓட்டை முப்பது பக்கத்துக்குத் தொடர்ந்து போகுது. எல்லாம் லத்தீன், எழுதுனது பிரெஞ்சுச் சாமியாருங்க, அதனால ஊர்ப் பேருல ‘உ’ சத்தம் வர்ற எடத்துல ஓ-யூன்னு ரெண்டு எழுத்துப் போட்டிருப்பாங்க, வாய் விட்டுப் படிச்சாத்தான் ஊரு பிடிபடும். ஆள் பேரும் அப்படித்தான், வீட்ல ராயப்பன்னா புத்தகத்துல பேத்ருஸ். சின்னப்பன்னா பவுலுஸ், சவரின்னா சவேரியுஸ், யாகப்பன்னா யாக்கோபுஸ். இது தெரியாம மொத நாளு பூராம் ராயப்பனைத் தேடிட்டு வெறுங்கையோட வந்தேன்.

ரெண்டாவது தடவை ரெண்டு பேத்ருஸ் கெடைச்சாங்க. ஒண்ணு 1874ல பொறந்த கைக்கொழந்தை, அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் கிறிஸ்தவங்க, ஊரு கரூர்ப் பக்கம். சித்தப்பா கதைக்கு அப்படியே பொருந்துச்சு, நானும் அதையே குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன், எல்லாரும் சந்தோசப்பட்டாங்க. தப்பு. மூணு மாசங்கழிச்சு அடக்கப் பதிவேட்டைப் புரட்டுறப்ப அந்தக் கொழந்தை 1877ல மூணு வயசுல செத்துப்போனது ஒரே வரியில இருக்குது. அதே பக்கத்துல அந்த ஒரு மாசத்துல மட்டும் இருபத்தாறு அடக்கம், எண்ணிப் பாத்தேன். ஒருத்தரைக் கண்டுபிடிச்சதும் அவரு எப்பச் செத்தாருன்னு பாக்காம முன்னோருன்னு எழுதிறாதீங்க.

இன்னொரு பேத்ருஸ் 1878ல. ‘அன்னோரும் சிர்சித்தேர் ஒக்தோ’, வயசு சுமார் எட்டு. சுமார்ங்கற அந்த வார்த்தையிலயே தெரியுதுங்க, வயசு சொல்றதுக்குக்கூட அந்தப் பையனுக்கு ஆளில்ல. ஊரு காங்கேயம். அந்தக் காலத்துல காங்கேயம் தாராபுரம் தாலுக்கா. அத்தை தாராபுரம்னு சொன்னது இதுதான்.

ஆனா இவருதான் எங்க ராயப்பன்னு எப்படிச் சொல்றது? இங்கதான் ஞானத்தகப்பன், அதாவது ஞானஸ்நானத்தப்பக் கையேந்திப் பொறுப்பேத்துக்கறவரு, உதவுனாரு. அந்தப் பையனைக் கையேந்துனவரு ஒரு உபதேசியாரு (வேதம் சொல்லிக் குடுக்கறவரு). பதினாறு வருசங்கழிச்சு எங்க பெரியப்பாருக்கு, அதாவது எங்க அப்பாரோட அண்ணனுக்கு, ஞானஸ்நானம் குடுக்கறப்பவும் அதே உபதேசியாருதான் ஞானத்தகப்பன், கொழந்தைக்கு வெச்சதும் அவரு பேருதான். வளத்த மனுசனை மறக்காத பையன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. ஆளு பேரை மட்டும் தேடாதீங்க, பக்கத்துல நிக்கற ஞானத்தகப்பன், ஞானத்தாய், கல்யாணச் சாட்சி எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கங்க.

பூட்டி வழி சுலபமா வந்துச்சு. எங்க அப்பாரு கட்டுனது சொந்த மாமன் மகளை. நமக்கு அது மொறப்பொண்ணு, அந்தக் காலத்துத் திருச்சபைக் கணக்குல ரெண்டாம் படி ரத்த உறவு, விலக்கு, அதாவது தனி அனுமதி, வாங்கித்தான் தாலி கட்டோணும். அந்த விலக்கைக் கல்யாணப் பதிவுலயே எழுதியிருக்காங்க, அதை வெச்சே பொண்ணோட அப்பனும் பூட்டியும் கூடப்பொறந்தவங்கன்னு உறுதியாயி இன்னும் ரெண்டு தலமுறை மேல போயிட்டேன். நம்ம பக்கம் சொந்தத்துல கட்டாத வீடு ஏது, அதனால விலக்கு வரியை விட்றாதீங்க. 1908க்கு அப்பறம் கல்யாணம் ஆனவங்கன்னா ஞானஸ்நானப் பதிவோட ஓரத்துலயே யாரை எங்க கட்டுனாங்கன்னு குறிச்சிருக்கும், அதையும் பாருங்க. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம்னா அந்தக் காலத்து லண்டன் மிஷன் சபை எதுன்னு விசாரிங்க, கோயமுத்தூர்ல அவங்க வந்தது 1830ல, சிஎஸ்ஐங்கற பேரே 1947லதான்.

பூட்டன் வழி அந்த 1878லயே நின்னுருச்சு. அப்பன் ஆத்தா பேரு இருக்க வேண்டிய எடத்துல ‘அஞ்ஞானிகள்’ (கிறிஸ்தவங்க அல்லாதவங்க)ங்கற அர்த்தத்துல ஒரே வார்த்தை, பேரு கெடையாது. அத்தைகிட்டப் போயி பென்சில்ல எழுதுனதைப் படிச்சுக் காட்டுனேன். சித்தப்பாவும் கூட இருந்தாரு, ஒண்ணும் பேசல. அத்தை ரொம்ப நேரங்கழிச்சு, “அவங்க பேரு என்ன சாமி?”ன்னாங்க. எழுதலீங்க அத்தைன்னேன். “பேரு தெரியாட்டி பூசை வெக்கக் கூடாதா?”ன்னு கேட்டாங்க.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் பூசைக் கருத்துச் சீட்டு (யாருக்காகப் பூசைன்னு எழுதற சீட்டு) குடுத்தாச்சு. அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதுனது: ராயப்பனைப் பெத்தவங்க, காங்கேயம்.