அழைப்பு வந்தவர்களின் படம்

பிரித்தானிய இயக்குநர் கரோல் ரீட் 1944இல் இயக்கிய ‘தி வே அஹெட்’ படத்தைக் கிளிநொச்சியில் இருந்துகொண்டு நேற்றிரவு பார்த்தேன். இராணுவப் பயிற்சிக்கென அவரே 1943இல் எடுத்த ‘தி நியூ லொட்’ என்ற குறும்படத்தின் விரிவுதான் இது. கட்டாய சேவைக்கு அழைக்கப்பட்ட சாதாரண மனிதர்கள், புகையிரத நிலையத்தில் தாங்கள் வாய்த்தர்க்கம் செய்த அதே சார்ஜன்ட்தான் முகாமில் தங்களைப் பழக்கப்போகிறவர் என்று அறியும் இடத்தை நான் திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன். அவ்வளவு இயல்பான நகைச்சுவை அது. அவர்கள் முணுமுணுக்கிறார்கள், பயிற்சியிலிருந்து நழுவப் பார்க்கிறார்கள், அதிகாரியிடம் முறையிடவும் செய்கிறார்கள்.

முறையிட ஓர் அதிகாரி இருந்தார் என்பதே வன்னியில் வாழ்ந்த எனக்குப் பெரிய விடயமாகப் பட்டது. இறுதிப் போர்க்காலத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர் என்று கேட்கப்பட்டபோது, பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக அவசர அவசரமாகக் கலியாணம் கட்டிவைத்த பெற்றோரை இங்கே எல்லோருக்கும் தெரியும். (அப்படிக் கட்டியவர்கள் சிலருக்கு இப்போது வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.)

பிரித்தானியப் படம் ‘முடிவு’ என்று போடாமல் ‘ஆரம்பம்’ என்று போட்டு முடிகிறது. போர் நடந்துகொண்டிருந்தபோது, மக்களை உற்சாகப்படுத்த எடுத்த படத்துக்கு அது பொருத்தம்தான். ஆனால் நான் பார்த்த நம்மவர் போர்ப்படங்களில் போராளி முதற் காட்சியிலேயே போராளியாக வருகிறார். அதற்கு முந்தைய வாரம் அவர் வயலில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை யாராவது படமாக்கினால் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.