சுவரை உடைக்கும் முன் மாடி வால்வை மூடுங்கள்

அபார்ட்மென்ட் பாத்ரூமில் தாமே டைல்ஸ் பெயர்க்கிறவர்கள் பலரும் வாஷ்பேசினுக்குக் கீழே சுவரில் உள்ள சின்ன வால்வான ஆங்கிள் காக்கை மட்டும் மூடிவிட்டு உளியைக் கையில் எடுக்கிறார்கள். அது போதவே போதாது. ஆங்கிள் காக்கை மூடினால் அதற்கு அப்பால் போகிற டியூபில்தான் தண்ணீர் நிற்கும். சுவருக்குள் ஓடும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாயில் மாடித் தொட்டியின் அழுத்தம் அப்படியே இருக்கும். பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. நாலு மாடிக் கட்டடத்தில் முதல் மாடிக்கே ஒரு கிலோவுக்கு மேல் வரும். டிரில் பிட் குழாயில் பட்டால் அந்த வேகத்தில்தான் பீய்ச்சும்.

ஆகவே வேலையை மொட்டைமாடியில் தொடங்குங்கள். ஸ்ரீரங்கமோ தஞ்சாவூரோ கும்பகோணமோ, நம் பக்கத்து அடுக்ககங்கள் பலவற்றில் போர் தண்ணீருக்கு ஒரு லைன், கொள்ளிடத்துத் தண்ணீருக்கு ஒரு லைன் என்று தனித்தனியாக இறங்கும். தொட்டியடியில் வரிசையாக வால்வுகள் இருக்கும். எது எந்த வீட்டுக்கு என்று எழுதியிருப்பது அபூர்வம். ஒருவர் குழாயடியில் போனோடு நிற்க, இன்னொருவர் ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். மூடியதும் தண்ணீர் நிற்காது. ஓர் அங்குலக் குழாயில் மீட்டருக்கு அரை லிட்டர் தேங்கியிருக்கும், அது வடிய வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். அதே லைனில் மேல்வீடும் கீழ்வீடும் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூடிய வால்வில் சிவப்புத் துணி கட்டி, வாட்ச்மேனிடமும் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் ‘தண்ணி வரல’ என்று யாராவது சொன்னதும் அவர் திறந்துவிடுவார்.

பழைய கட்டடம் என்றால் மாடியில் இருப்பது பெரும்பாலும் பித்தளை கேட் வால்வு. ஐந்தாறு சுற்று சுற்றினால்தான் உள்ளே இருக்கும் தகடு இறங்கி உட்காரும். டெல்டாவில் போர் தண்ணீரோடு நுண்மணல் வரும். தகடு உட்கார வேண்டிய பள்ளத்தில் அது படிந்து, மேலே உப்பும் இறுகிவிடும். கைப்பிடி இறுகிவிட்டது, மூடியாயிற்று என்று நினைப்போம். அடியில் நூல்போலத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். இதற்குப் பைப் ரிஞ்ச் போட்டு முறுக்கக் கூடாது. கால் சுற்று திறந்து, மறுபடி மூடி, நாலைந்து தடவை செய்யுங்கள். ஓடும் தண்ணீரே மணலை அடித்துக்கொண்டு போகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உவர்நீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்திருக்கும், தண்டு பட்டென்று ஒடியும். கைப்பிடி முட்டாமல் சும்மா சுற்றுகிறதா? தண்டு போய்விட்டது. தகடு விழுந்து அடைத்தால் அந்த லைனில் உள்ள எல்லா வீட்டுக்கும் தண்ணீர் கிடையாது. இப்படிப்பட்ட வால்வு என்று தெரிந்தால், தொட்டி காலியாக இருக்கும் நாளில் கால் திருப்பில் மூடும் பால் வால்வாக மாற்றிவிடுவதுதான் என் கணக்கில் முதல் வேலை. டைல்ஸ் அப்புறம் பார்க்கலாம்.

வெந்நீரைத் தனியாகக் கவனியுங்கள். மாடியில் சோலார் ஹீட்டர் இருந்தால் அதற்கு வேறு வால்வு. பச்சைத் தண்ணீரை மூடினாலும் வெந்நீர் வந்துகொண்டே இருக்கும். மிக்ஸர் குழாய் திறந்திருந்தால் அதன் வழியாகப் பச்சைத் தண்ணீர் லைனுக்குள்ளும் இறங்கும், ‘மூடின வால்வு ஒழுகுது’ என்று தோன்றும். கீசர் என்றால் முதலில் அதன் மின்சார பிரேக்கரான எம்சிபியை இறக்கி, ஆறவிடுங்கள். வெந்நீர் எடுக்கும் குழாயின் வாய் தொட்டிக்குள் உச்சியில் இருப்பதால், குழாயைத் திறந்து வைத்தாலும் 15 லிட்டரோ 25 லிட்டரோ உள்ளேயே நிற்கும். நுழைவு இணைப்பைக் கழற்றும்போதுதான் மொத்தமும் கொட்டும். வெந்நீர் இணைப்பைத் தளர்த்திக் காற்றுக்கு வழிவிட்டு, கீழே பக்கெட் வைத்துக்கொண்டு கழற்றுங்கள்.

எல்லாம் மூடியதும் பாத்ரூமிலேயே தாழ்வாக உள்ள குழாயைத் திறந்து, அடியில் காய்ந்த பக்கெட்டை வைத்து அரை மணி நேரம் விடுங்கள். பக்கெட் நனையாமல் இருந்தால் உடைக்கலாம். சொட்டினால் சிபிவிசி ஒட்டும் வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஈரம் பட்ட இடத்தில் ஒட்டும் பசையான சால்வென்ட் பிடிக்காது, அன்றைக்குப் பிடித்ததுபோல் இருந்து பிறகு சுவருக்குள் கசியும்.

கழற்றிய ஒவ்வொரு பாயின்டிலும் அரை அங்குல எண்ட் பிளக் போடுங்கள். மரையில் டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே பத்துப் பன்னிரண்டு சுற்று. துணி அடைத்து வைப்பதெல்லாம் வேண்டாம்; சிமென்ட் தூள் உள்ளே போனால் ஷவருக்கும் குழாய்க்கும் தண்ணீரை மாற்றிவிடும் புது டைவர்ட்டரின் உள்பாகமான கார்ட்ரிட்ஜ் முதல் நாளே கெடும். தரையில் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பையும் மூடி வையுங்கள்.

திரும்பத் திறக்கும்போது குழாய்களின் வாயில் உள்ள சல்லடையான ஏரேட்டரைக் கழற்றிவிட்டு, மாடி வால்வை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். தாழ்வான குழாயில் முதலில் விடுங்கள். மணலும் துருவும் கலந்த கலங்கல் நீர் தெளியும்வரை ஓடட்டும். ஃப்ளஷ் டேங்க் ஆங்கிள் காக் அதற்குப் பிறகு. கேட் வால்வை முழுக்கத் திறந்துவிட்டுக் கால் சுற்று பின்வாங்கி வையுங்கள், இறுகாது. வெந்நீர்க் குழாயில் காற்று கக்குவது நின்று தண்ணீர் சீராக வந்த பிறகே கீசர் எம்சிபியை ஏற்ற வேண்டும். கீசர் தொட்டி நிரம்பாமல் சூடேற்றினால் ஹீட்டிங் காயில் எரிந்துபோகும்.