ஆறு போதாத மீன்

மிசௌரி ஆறும் யெல்லோஸ்டோன் ஆறும் கூடும் இடத்தில், ஏப்ரல் மாதத்தில், எந்தத் தண்ணீர் எந்த ஆற்றினுடையது என்பதை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஃபோர்ட் பெக் அணையில் வண்டலைப் படியவிட்டு வரும் மிசௌரி சற்றுத் தெளிந்திருக்கும்; பெரிய அணை எதுவும் குறுக்கே இல்லாத யெல்லோஸ்டோன் கலங்கலாக வரும். வடக்கு டகோட்டாவில், மொன்டானா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கூடுமிடத்தில், நான்கு பருவங்கள் ஒரு மீன் ஆய்வுக் குழுவில் களப்பணியாளனாக வேலை பார்த்தேன். பாலிட் ஸ்டர்ஜன் என்னும் வெளிறிய உடல் கொண்ட மீனைப் பிடித்து, முட்டையிடும் பக்குவத்தில் இருப்பவற்றைக் குஞ்சு பொரிப்பகத்துக்கு அனுப்புவதும், மற்றவற்றை அளந்து, எண் குறித்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவதும் எங்கள் பொறுப்பு.

மூன்று அடுக்குகள் கொண்ட வலையை ஆற்றின் குறுக்கே இறக்கி, படகும் வலையும் நீரோட்டத்தோடு சேர்ந்து மிதந்து போகும்படி விட்டு, சில நிமிடங்களில் இழுத்தெடுப்போம். பெரும்பாலும் வருவது மரக்கிளையும், ஷவல்நோஸ் என்று அழைக்கப்படும் மண்வெட்டிமூக்கு ஸ்டர்ஜனும்தான். இவ்விரண்டு இனங்களையும் முதல் பார்வையில் பிரித்தறிவது எளிதல்ல. இரண்டுக்கும் தட்டையான மூக்கு, அதன் அடியில் நான்கு மீசைகள், முதுகில் வரிசையாக எலும்புத் தகடுகள். மீனைப் புரட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஷவல்நோஸுக்கு நான்கு மீசைகளும் ஏறக்குறைய ஒரே நீளம். பாலிட்டுக்கு உள்பக்க இரண்டும் வெளிப்பக்க இரண்டில் பாதியளவே இருக்கும், வயிறும் தகடுகளின்றி வழவழப்பாக இருக்கும். இரண்டும் கலந்து பிறந்த கலப்பினமும் உண்டு என்பதால், மீசையை அளவுகோலால் அளந்து எழுதாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது எங்கள் குழுவின் விதி.

நான் முதன்முதலாகக் கையில் ஏந்திய பாலிட் ஸ்டர்ஜன் என் முழங்கையிலிருந்து தோள்வரை நீரை வழியவிட்டபடி அசையாமல் கிடந்தது. மேல் மிசௌரியில் இவ்வினம் 30 கிலோவையும் தாண்டி வளரும். நாங்கள் பிடித்தது அவ்வளவு பெரிதல்ல என்றாலும் இருவர் சேர்ந்துதான் தூக்கினோம். "இது உன்னைவிட மூத்தது, பார்த்துப் பிடி" என்றார் படகை ஓட்டிய மூத்த சக பணியாளர். அதை வேடிக்கைப் பேச்சு என்றே எண்ணினேன். அது வெறும் தகவல் என்பது பிறகுதான் விளங்கியது. மேல் மிசௌரியில் எஞ்சியிருக்கும் காட்டுமீன்கள், அதாவது பொரிப்பகத்தில் பிறக்காமல் ஆற்றிலேயே பிறந்தவை, பெரும்பாலும் 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் பிறந்தவை என்று அவற்றின் செவிக்கல்லையும் (காதுக்குள் வளர்ந்து வயதைக் காட்டும் சிறு கல்), அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்ற கதிரியக்கக் கரியின் தடயத்தையும் கொண்டு ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். கீழே சகாகாவியா நீர்த்தேக்கத்தை உண்டாக்கிய காரிசன் அணை ஆற்றை மறித்தது 1953இல். அணை வந்து சில ஆண்டுகள் வரை பிறந்தவை இருக்கின்றன. அதற்குப் பின் பிறந்தவை இல்லை. 1990இல் அமெரிக்க அரசு இதை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தபோதே இந்தப் பகுதியில் இளம் மீனைக் காண முடியாத நிலை நெடுநாளாக நீடித்திருந்தது. பின்னர் எடுத்த ஒரு கணிப்பில், ஆற்றிலேயே பிறந்த முதிர்ந்த மீன்கள் சுமார் 125 என்று வந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அணைச் சுவரைத் தாண்டி மேலே போக முடியாததுதான் இந்த மீனின் குறை என்று நினைத்திருந்தேன். சால்மன் மீனைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் யெல்லோஸ்டோனில் இந்த மீன்கள் ஆண்டுதோறும் மேலேறி முட்டையிடுகின்றன; முட்டை பொரிக்கவும் செய்கிறது. சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. பொரித்த குஞ்சுக்கு நீந்திக் கரை ஒதுங்கும் வலு கிடையாது. மஞ்சள்கருப் பையைச் சுமந்துகொண்டு, ஆற்றின் அடிப்பகுதியை ஒட்டியே நீரோட்டத்தோடு பகலும் இரவுமாக அது கீழே போய்க்கொண்டிருக்கும். பை தீர்ந்து, இரை தேடும் பருவம் வந்தால்தான் ஓரிடத்தில் தங்கும். நீரின் வெப்பத்தைப் பொறுத்து இதற்கு ஒன்றரை வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்குள் அது கடக்கும் தூரம், நீரோட்டத்தின் வேகத்துக்கேற்ப 245 முதல் 530 கிலோமீட்டர் என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஷவல்நோஸுக்கு அது 94 முதல் 250 கிலோமீட்டர்தான். ஒரே ஆற்றில், ஒரே வலையில், ஒன்று நூற்றுக்கணக்கில் அகப்படுவதற்கும் மற்றது அருகிப்போனதற்கும் காரணம் பெருமளவு இந்தத் தூரக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

ஃபோர்ட் பெக் அணையின் அடியிலிருந்து சகாகாவியா நீர்த்தேக்கத்தின் தலைப்பு வரை, அதாவது ஆறு தேக்கத்துக்குள் நுழையும் இடம் வரை, எஞ்சியிருக்கும் ஆறு 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். போதாக்குறைக்கு, அணையின் ஆழத்திலிருந்து திறக்கப்படும் நீர் குளிர்ந்திருப்பதால் குஞ்சின் வளர்ச்சி மந்தமாகி, அது மிதந்து போகும் நாள்களும் கூடிவிடுகின்றன. ஆகவே வளர்ந்து தங்க வேண்டிய நாளுக்கு முன்பே குஞ்சு தேங்கிய நீருக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஓட்டம் நின்ற இடத்தில் வண்டலும், அதோடு வந்த இலைதழையும் படிந்து அழுகுவதால், அடிமண்ணை ஒட்டிய நீரில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. நீந்தத் தெரியாத குஞ்சு விழுவதும் சரியாக அந்த அடிமண்ணில்தான். 2015இல் வெளியான ஆய்வு இதை அளந்து காட்டியபோது, பல பத்தாண்டுகளாகக் கேட்கப்பட்ட "குஞ்சுகள் எங்கே போகின்றன" என்ற கேள்விக்கு உருப்படியான விடை கிடைத்தது. அணைக்குக் கீழே ஏற்படும் கேட்டைப் பற்றியே பேசிப் பழகியவர்களுக்கு, அணைக்கு மேலே, தேக்கத்தின் தலைப்பில் நிகழும் இந்தச் சாவு கண்ணில் படாமலே இருந்திருக்கிறது.

அதற்காக நீர்த்தேக்கத்தைப் பொதுவான வில்லனாகச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அதே வலையில் எங்களுக்குக் கிடைத்த துடுப்புமூக்கு மீன், குஞ்சாக அதே சகாகாவியாவில்தான் மிதவை உயிரிகளைத் தின்று கொழுக்கிறது. ஒரு மீனுக்குத் தொட்டிலாக இருக்கும் நீர் இன்னொன்றுக்குக் குழியாக இருக்கிறது.

என் கைத்தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பிடிபடும் ஒவ்வொரு மீனின் முதுகுத் துடுப்பின் அடியிலும் அரிசிமணி அளவுள்ள ஓர் அடையாளச் சில்லு இருக்கிறதா என்று கையடக்கக் கருவியால் தடவிப் பார்க்க வேண்டும்; இருந்தால் கருவி ஒலியெழுப்பி எண்ணைக் காட்டும், இல்லையென்றால் புதிதாக ஒன்றைச் செலுத்த வேண்டும். இரண்டாம் பருவத்தில், குளிரில் கருவியின் மின்கலம் தளர்ந்திருந்த ஒரு காலைப்பொழுதில், ஒரு பெரிய மீனை ஒரே ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, ஒலி வராததால் புதுச் சில்லைச் செலுத்திவிட்டேன். எந்தப் பதிவிலும் இல்லாத காட்டுமீன்! படகில் எல்லோரும் கைதட்டினார்கள். எண்ணிக்கை நூற்றுச் சொச்சமாக இருக்கும் இடத்தில் ஒன்று கூடுவது எத்தகைய செய்தி என்பது அந்த வேலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். துடுப்பிலிருந்து கத்தரித்து அனுப்பிய சிறு துண்டின் மரபணு முடிவு இரண்டு மாதம் கழித்து வந்தது. அந்த மீன் பல ஆண்டுகளாகப் பதிவில் இருந்த ஒன்றுதான். மறு ஆண்டு அது மீண்டும் பிடிபட்டபோது, உடலில் இரண்டு சில்லுகள் இருந்தன. யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மின்கலத்தைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள், மூன்று முறை தடவு என்று மட்டும் சொன்னார்கள். கணக்கிலிருந்து ஒரு மீனைக் கழித்து எழுதிய அந்த மாலையில், உயிரோடு இருக்கும் ஒன்றை நானே இல்லாமல் ஆக்கிவிட்டதுபோல ஒரு குற்ற உணர்வு என்னைப் பிடித்துக்கொண்டது.

பொரிப்பகத்திலும் சில வாரங்கள் இருந்தேன். முட்டை கறுத்து, உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தன்மையோடு இருக்கும். கருவுற்றதும் அதை நுண்ணிய களிமண் கரைசலில் இட்டு இடைவிடாமல் மெதுவாகக் கிளறினால்தான் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். கை ஓய்ந்தால் கட்டியாகி, உள்ளே இருப்பவை காற்றின்றிச் செத்துவிடும். பொரித்த குஞ்சுகளை வட்டத் தொட்டியில் விட்ட இரவில், விளக்கை அணைக்காமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நூலிழைத் துண்டுகள்போல அவை சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தன. அந்தத் தொட்டி வட்டமாக இருப்பதால் அவற்றின் ஆறு முடிவதே இல்லை. 1998 முதல் இவ்வாறு வளர்த்து விடப்பட்ட மீன்கள்தாம் இன்று மேல் மிசௌரியில் பெரும்பான்மை. 2004இல், சில நாள் வயதை எட்டிய குஞ்சுகளை ஆற்றில் விட்டுப் பார்த்ததில், அவற்றில் சில பிழைத்து, பின்னர் வலையில் அகப்பட்டன. அந்தச் சில நாள்களைத் தொட்டியில் கழிக்க விட்டால் பிழைக்கின்றன என்றால், ஆற்றின் நீளத்தைத் தவிர மற்ற எல்லாம் போதுமான அளவில் இருக்கின்றன என்றுதான் பொருள்.

ஆற்றை நீளமாக்க இரண்டு வழிகள் பேசப்பட்டன. ஒன்று, நீர்த்தேக்கத்தின் மட்டத்தைத் தாழ்த்தி, தலைப்பைக் கீழே தள்ளுவது. மின்சாரம், பாசனம், வெள்ளத் தடுப்பு, படகுத்துறை என ஒவ்வொன்றுக்கும் ஆள் இருக்கும் இடத்தில் அது எளிதில் நடக்காது என்பதை எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் அறியலாம். மற்றது, தாய்மீன்கள் இன்னும் மேலே போய் முட்டையிட வழி செய்வது. யெல்லோஸ்டோனில் கூடுமிடத்துக்கு மேலே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகத் தொலைவில், இன்டேக் என்னும் இடத்தில், கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பாசனத்துக்காக மரமும் கல்லும் கொண்டு கட்டிய ஒரு தாழ்ந்த தடுப்பணை இருந்தது. ஆள் உயரத்தைவிடப் பெரிதாகத் தோன்றாத அந்தத் தடுப்புதான் மீனை அந்த இடத்தோடு நிறுத்தியது. அதைச் சுற்றி ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டப்பட்ட மாற்றுக் கால்வாய் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அது என் கடைசிப் பருவம்.

அந்த ஜூனில், கால்வாய்க்கு மேலே கரையோரம் படகைக் கட்டி, வானொலி உணரியைத் திருப்பிக்கொண்டிருந்தோம். வயிற்றில் ஒலிபரப்பி பொருத்தப்பட்ட ஒரு மீனின் தட்டல், சீரான இடைவெளியில், மேல்திசையிலிருந்து கேட்டது. மூத்த சக பணியாளர் எண்ணைப் பதிவேட்டில் சரிபார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் காதுக்கருவியை என்னிடம் நீட்டினார். இரண்டு வாரம் கழித்து, கீழே நுண்கண் வலைகளை இறக்கி, வெள்ளைத் தட்டில் சருகும் பூச்சியுமாக விழுந்த குப்பையிலிருந்து இடுக்கியால் குஞ்சுகளைப் பொறுக்கினோம். அந்த வயதில் பாலிட் எது, ஷவல்நோஸ் எது என்று கண்ணால் சொல்ல முடியாது. மீசை இன்னும் முளைத்திருக்காது. ஒவ்வொன்றையும் எரிசாராயம் ஊற்றிய தனித்தனிக் குப்பியில் இட்டு, நாளும் நீரின் வெப்பநிலையும் எழுதி ஒட்டி, மரபணு ஆய்வுக்கு அனுப்பும் பெட்டியில் அடுக்கி வைத்தேன். பதில் வரும்போது நான் வேறொரு வேலையில் இருப்பேன் என்பதால், முடிவை அனுப்ப வேண்டிய முகவரியில் என் பெயருக்குக் கீழே மூத்த சக பணியாளரின் பெயரையும் எழுதிவிட்டு, பெட்டியை மூடினேன்.