இரண்டடி மீன் தொட்டியில் யார் யாரோடு ஒத்துப்போவார்கள்: பத்து வாரக் குறிப்பு

தொட்டி 60×30×36 செ.மீ. மேலே 6 செ.மீ. விட்டு நிரப்பினால் 54 லிட்டர். மணலும் கட்டையும் போக 48 தேறும். ஸ்பாஞ்ச் ஃபில்டர், 50 வாட் ஹீட்டர், 24 டிகிரி.

தண்ணீர் சோதனையில் பி.எச் 6.8, கடினத்தன்மை (கரைந்த தாது உப்பின் அளவு) 5 டிகிரி. மென்னீர். கப்பி, மோலி இரண்டும் இங்கேயே கழிந்தன. கடின நீரில் வாழ வேண்டிய மோலி மென்னீரில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே உடம்பை மட்டும் நெளித்தபடி இருக்கும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். அதற்குக் குறைவது தாது உப்பு.

அடுத்து வாயளவு. ஏஞ்சல் குஞ்சாக வரும்போது சாது, 15 செ.மீ. வளர்ந்தபின் 3 செ.மீ. நியான் டெட்ரா அதற்கு இரை. டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும். பத்துப் பதினைந்தாக விட்டால் வம்பு பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஓயும், ஆனால் அதற்கு இந்த இடம் போதாது. பாசி தின்னும் என்று விற்கப்படும் சக்கர் மீன் ஓரடியைத் தாண்டும். கோல்டு ஃபிஷுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும், கழிவும் அதிகம்.

மிஞ்சியவை: நடுமட்டத்துக்கு 8 நியான், அடிமட்டத்துக்கு 6 பாண்டா கோரி, மேல்மட்டத்துக்கு ஒரே ஒரு ஹனி குராமி. மூன்றுக்கும் 24 டிகிரி பொருந்தும்.

வாரம் 1–5: மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர, மீனில்லாமல் அம்மோனியா மட்டும். அம்மோனியாவை அவை நைட்ரைட்டாக்கும், பிறகு அதையும் மாற்றும்; இரண்டுமே மீனுக்கு நஞ்சு. 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) விட்டால் 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக வேண்டும். நாலாவது வாரத்தில் அம்மோனியா இறங்கியும் நைட்ரைட் இறங்கவில்லை. பலர் அவசரப்பட்டு மீன் விட்டு இழப்பது இந்தக் கட்டத்தில்தான்.

வாரம் 6: தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்திருந்த கோரிகள் உள்ளே. பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு கப் தொட்டி நீர் என ஒரு மணி நேரம். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அடியில் மென்மணல்தான், கூர்மையான கல்லில் கிளறிக் கிளறி மீசை தேய்ந்துவிடும். அவ்வப்போது விர்ரென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி இறங்குவது கோரியின் இயல்பு. ஆறும் மேலேயே நின்றால் உடனே நைட்ரைட் பார்க்க வேண்டும்.

வாரம் 8: நியான்கள். சண்டை இல்லை, சாப்பாட்டில்தான் சிக்கல். அடிக்குப் போக வேண்டிய உணவு மாத்திரையை நியான்கள் பாதிவழியிலேயே கொத்தின. விளக்கை அணைத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் போட்டதும் கோரிகளுக்குக் கிடைத்தது.

வாரம் 10: குராமி. மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன், அதனால் மூடிக்குக் கீழே அந்த 6 செ.மீ. இடைவெளி. வாரம் கால்பங்கு நீர் மாற்றத்தில் நைட்ரேட் (நைட்ரைட் மாறிக் கிடைக்கும் கடைசிக் கழிவு) 20 பிபிஎம்மில் நிற்கிறது. இன்னும் இடமிருப்பதுபோலத்தான் தெரியும். கூட்டுவதானால் நியான் இரண்டு, புதிய இனம் வேண்டாம்.