கண்ணுக்குத் தெரியாத மையில் ஓவியம்

ஒளிரும் பாக்டீரியாவால் வரைய ஆய்வகத்துக்கு வரும் ஓவியர் முதலில் திகைப்பது, அங்கே வண்ணமே இல்லை என்பதைப் பார்த்துத்தான். இரவெல்லாம் வளர்த்த இ. கோலை பாக்டீரியாவின் திரவம் கலங்கல் தண்ணீர் போலத்தான் இருக்கும். அகார் கூழ் ஊற்றி உறையவைத்த பெட்ரி தட்டில் இழுத்தால் ஈரக்கோடு ஒரு கணம் மினுங்கிவிட்டுக் காய்ந்து மறைந்துவிடும். எங்கே என்ன வரைந்தோம் என்பது மறுநாள்தான் தெரியும். அதனால் படத்தைத் தாளில் கறுப்பு மையால் வரைந்து தட்டுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளுங்கள். அகார் வழியே கோடு தெரியும்.

பச்சைக்கு ஜெல்லிமீனின் ஒளிர் புரதம். 238 அமினோ அமிலம் கொண்ட இந்தப் புரதத்துக்காக 2008-இல் மூவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. வகுப்பறைகளில் பரவலாகப் புழங்கும் பிளாஸ்மிடில் (பாக்டீரியாவுக்குள் செலுத்தும் சிறு டி.என்.ஏ. வளையம்) இந்த மரபணுவுக்கு ஒரு சுவிட்ச் உண்டு: அரபினோஸ் சர்க்கரை இருந்தால்தான் ஒளிரும். குளுக்கோஸ் கலந்துவிட்டால் அந்தச் சுவிட்ச் அடங்கிவிடும். தட்டு ஒளிரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பாக்டீரியா வளரும் ஒரு லிட்டர் ஊடகத்துக்கு டிரிப்டோன் என்ற புரத உணவு 10 கிராம், ஈஸ்ட் சாறு 5, உப்பு 10, அகார் 15. ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) 121 டிகிரியில் 20 நிமிடம். பிறகு 50 டிகிரி வாக்கில் ஆறவிட்டு, பிளாஸ்மிட் இல்லாத செல்களை வளரவிடாத ஆன்டிபயாடிக்கான ஆம்பிசிலின் 100 மில்லிகிராம், அரபினோஸ் 2 கிராம். சூடாக இருக்கும்போதே கொட்டினால் ஆம்பிசிலின் சிதைந்துபோகும். பிளாஸ்மிடை உதறிய செல்களும் சேர்ந்து வளர்ந்து ஓவியத்தில் மங்கல் திட்டுகள் விழும். ரொம்ப ஆறவிட்டாலோ ஊற்றும்போதே அகார் கட்டி தட்டும்.

கோடு கசிவதற்குப் பெரும்பாலும் காரணம் ஈரம். புதிதாக ஊற்றிய தட்டை மூடியைச் சற்றே திறந்து 37 டிகிரியில் அரை மணி நேரம் காயவிடுங்கள். இன்குபேட்டரில் (பாக்டீரியாவை வளர்க்கும் வெப்பப் பெட்டி) கவிழ்த்தே வையுங்கள். மூடியில் சேரும் நீர் ஒரு சொட்டு விழுந்தாலும் முகம் வரைந்த இடத்தில் குளம்தான் மிஞ்சும்.

ஓவியருக்குப் பிடித்த தூரிகை இங்கே எதிரி: அளவுக்கு மீறித் திரவம் பிடிக்கும், ஒரு நிறத்தை இன்னொன்றில் சேர்க்கும். கிருமி நீக்கிய பல் குச்சியும் வளையக் கம்பியும் போதும், நிறத்துக்கு ஒன்று.

நிழல் தீட்டத்தான் இந்த ஊடகம் அழகாகக் கைகொடுக்கிறது. முதிர்ந்த திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 100 கோடி செல்கள். அப்படியே தொட்டால் திடமான கோடு. லட்சத்தில் ஒரு பங்காக நீர்த்தால் ஒரு மைக்ரோலிட்டர் துளியில் பத்துச் செல்கள்தான். ஒவ்வொன்றும் தனிப் புள்ளியாக எழும். அடர்த்தியைப் படிப்படியாகக் குறைத்தால் பென்சில் நிழல் போலவே வரும்.

16 முதல் 20 மணி நேரத்தில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் பாக்டீரியா வெளிவிடும் நொதி சுற்றியுள்ள ஆம்பிசிலினை உடைக்க, ஒளிராத செல்கள் கோட்டின் ஓரத்தில் முளைக்கும். சிவப்பு நிறத்துக்குப் பயன்படும் ஒளிர் புரதம் பச்சையை விட மெதுவாக முதிரும். மறுநாள் சிவப்பு வெளிறித் தெரிந்தால் பதற வேண்டாம். முதிர ஆக்சிஜனும் தேவை. பாதுகாக்கிறேன் என்று அவசரப்பட்டு மேலே இன்னொரு அகார் அடுக்கு ஊற்றினால் நிறம் மங்கும்.

நுட்பத்தை விட முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டியது, ஒளிரும் அந்த உயிர் ஆய்வகத்தை விட்டு வெளியேறுமா என்பதுதான். 2000-இல் கலைஞர் எடுவார்டோ காக்கின் ஆல்பா என்ற ஒளிரும் முயல் உலகையே பேச வைத்தது. ஆனால் பிரெஞ்சு ஆய்வகம் அதை வெளியே விடவில்லை. கண்காட்சிக்கு முயல் வரவேயில்லை. அதே காக் பிறகு மின்னசோட்டா பல்கலைக்கழகத் தாவர அறிவியலாளரோடு சேர்ந்து, தன் மரபணு ஒன்று இதழ் நரம்புகளில் மட்டும் வெளிப்படும் பெட்டூனியாவை உருவாக்கினார். அது 2009-இல் பார்வையாளர்கள் முன் பூத்தது. ஆல்பா விவகாரத்தில் எந்தப் பக்கம் சரி என்பதை விடுங்கள். ஓவியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அங்கேயே இருக்கிறது.

பெட்ரி தட்டைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு விடை எளிது: உயிருள்ள தட்டு அனுமதியின்றி வெளியே போகாது, புகைப்படம்தான் போகும். முக்காலியில் கேமரா, நீல ஒளி, லென்ஸுக்கு முன் ஆரஞ்சு வடிகட்டி, நீண்ட எக்ஸ்போஷர். புற ஊதா விளக்கானால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அதிக நேரம் காட்டினால் புரதமும் வெளுக்கும். படம் சரியாக விழுந்ததா என்று ஓவியரும் ஆய்வகத்தாரும் திரையில் பார்த்த பிறகே தட்டை ஆட்டோகிளேவுக்கு அனுப்புங்கள். அங்கே அகார் உருகும், பிளாஸ்டிக் தட்டும் நெளிந்து சுருண்டுவிடும்.